ஆள் குறைவு, குதிரை பாரம்: லிட்டில் பிக்ஹார்னில் ரெனோ மரக்கூட்டத்திலேயே நின்றிருக்கலாமா?

#1 பரண்மேல் பெட்டி

நம்மில் பாதிப் பேருக்கு அமெரிக்கக் குதிரைப்படை அறிமுகமானதே கௌபாய் காமிக்ஸில்தான். நீலச் சட்டை, பிகில் சத்தம், கடைசிப் பக்கத்தில் தூசி கிளப்பிக்கொண்டு வந்து காப்பாற்றும் பட்டாளம். எனக்கும் அப்படித்தான். போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லிட்டில் பிக்ஹார்ன் சண்டையை மெதுவாகப் படித்தேன். ஏழாவது குதிரைப்படையை நடத்திப்போன கஸ்டரின் கதை எல்லோருக்கும் தெரியும், அவரோடு போன ஐந்து கம்பெனிகளில் சுமார் 210 பேர், ஒருவர்கூடத் திரும்பவில்லை. என்னைப் பிடித்து உட்காரவைத்தது அதே நாளில் சில மைல் தள்ளி மாட்டிக்கொண்டு, பிழைத்தும்விட்ட மேஜர் மார்கஸ் ரெனோவின் கதை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் நிலவரம். 1876 ஜூன் 25, மொன்டானா. ஏழாவது குதிரைப்படையின் 12 கம்பெனிகளை கஸ்டர் பிரிக்கிறார். ரெனோவுக்கு ஏ, ஜி, எம் என்று மூன்று. சிப்பாய்கள் மட்டும் சுமார் 140 பேர், கூட ராணுவத்துக்கு உதவிய அரிக்கரா பழங்குடி வழிகாட்டிகள். ஆற்றைக் கடந்து பள்ளத்தாக்கு வழியாகப் போய் லகோட்டா, ஷயான் பழங்குடியினர் தங்கியிருந்த கிராமத்தின் தெற்கு முனையை அடி என்று உத்தரவு. போகிறார்கள். எதிரே தெரிந்த கூடாரங்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு. ஏழெட்டாயிரம் மக்கள், அதில் சண்டை போடக்கூடியவர்கள் 1,500 முதல் 2,000 வரை என்பது பொதுவான கணிப்பு. ரெனோ பாய்ச்சலை நிறுத்தி, எல்லோரையும் குதிரையிலிருந்து இறக்கி, குறுக்கே ஒரு வரிசை போடுகிறார். இடது முனையைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். வரிசை வலப்பக்கம் இருந்த ஆற்றோர மரக்கூட்டத்துக்குள் ஒதுங்குகிறது. அங்கேயும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. மறுபடி குதிரை ஏறி, ஆற்றைத் தாண்டி எதிர்க்கரை மேட்டுக்கு ஓட்டம். அந்த ஓட்டத்தில் மட்டும் செத்தவர்கள் 30க்கு மேல்.

வரிசையில் நின்று சுட்டபோது செத்தது ஓரிருவர்தான். அப்படியென்றால் மரக்கூட்டத்திலேயே இருந்திருக்கலாம் அல்லவா? ஆள் குறைவாக இருக்கும்போது குதிரைப்படை எப்படித் தற்காத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஏதாவது முறை இருந்ததா, இல்லை அவரவர் தலையெழுத்தா?

#2 தென்னந்தோப்பு

இருந்திருக்கலாம். அதற்கு அங்கேயே சாட்சி உண்டு. ஓட்டம் தொடங்கியபோது உத்தரவு எல்லோர் காதுக்கும் போய்ச் சேரவில்லை. பிகில் ஊதவில்லை. பத்துப் பதினைந்து பேருக்கு மேல் மரக்கூட்டத்திலேயே விடுபட்டுப்போனார்கள். அவர்களில் ஜார்ஜ் ஹெரெண்டீன் என்ற வழிகாட்டி, எல்லைச் சண்டைகளில் பழகியவர், தன்னோடு இருந்த பத்துப் பன்னிரண்டு சிப்பாய்களைச் சத்தம் போடாமல் அடக்கிவைத்திருந்து, பிற்பாடு நடத்தியே கூட்டிக்கொண்டு போய் மேட்டில் சேர்த்தார். டெருடியோ என்ற லெப்டினென்டும் இன்னும் மூன்று பேரும் புதரில் பதுங்கிப் பதுங்கி அடுத்த இரவு வரை தாக்குப்பிடித்தார்கள். குதிரையில் ஓடியவர்களில் இத்தனை பேர் சாவு, விட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் உயிரோடு. கணக்கு அவ்வளவுதான்.

#3 ஹவில்தார் ஓய்வு

தம்பி தென்னந்தோப்பு, அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஹெரெண்டீன் கூட்டம் வெளியே வந்த நேரத்தில் எதிராளிகளில் பெரும்பகுதி வடக்கே கஸ்டர் பக்கம் போய்விட்டது. காவல் இல்லாத வீட்டிலிருந்து வெளியேறுவதும் காவல் இருக்கும்போது உள்ளே உட்கார்ந்திருப்பதும் ஒன்றா?

நான் 17 வருடம் காலாட்படையில் இருந்தவன். குதிரை தெரியாது. ஆனால் மறைப்பு தெரியும். மரக்கூட்டம் என்றதும் நல்ல மறைப்பு என்று நினைக்கிறோம். அதன் சுற்றளவை யார் காப்பது? 140 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நாலில் ஒருவன் சுடமாட்டான், அவன் குதிரை பிடிப்பவன். அந்தப் படையின் விதி அது: நாலு பேர் ஒரு கூட்டு, மூன்று பேர் இறங்குவார்கள், நாலாவது ஆள் குதிரை மேலேயே இருந்து மற்ற மூன்றையும் பிடித்துக்கொண்டு பின்னால் போவான். இறங்கிய நிமிடமே 140 பேர் நூறு சொச்சம் ஆகிவிடுகிறார்கள். ஆளுக்கு ஐந்து கஜ இடைவெளி என்று கையேடு சொல்கிறது. அதைப் பள்ளத்தாக்கின் குறுக்கே போட்டால் பாதிகூட அடைபடாது. இடது முனை காற்றில் தொங்கும். அதைத்தான் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்தது தோட்டா. கார்பைனுக்கு, அதாவது குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கிக்கு, ஆளுக்கு 100, அதில் பாதி உடம்பில், பாதி சேணப்பையில். குதிரை பறிபோனால் பாதித் தோட்டாவும் போச்சு. அதனால்தான் அந்த நாலாவது ஆளை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

#4 லாடம்

ஹவில்தார் ஐயா குதிரை தெரியாது என்றதால் நான் கொஞ்சம் சொல்கிறேன். சண்டை எனக்குத் தெரியாது.

எங்கள் அப்பா கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர். இரண்டு குதிரை, சீசனில் பக்கத்து ஊரிலிருந்து இன்னும் இரண்டு. நான் பத்தாவது படித்தபோது ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு முடிந்து நாலையும் என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். கோயில் சந்து. யாரோ சொல்லாமல் கொள்ளாமல் அதிர்வேட்டைக் கொளுத்திவிட்டான். முதல் வெடிக்கு நாலும் காதை முன்னால் நிமிர்த்தின. இரண்டாவதற்குக் காது பின்னால் படிந்தது. மூன்றாவதற்கு ஓரத்தில் நின்ற வெள்ளைக்குதிரை பின்னங்காலில் எழுந்தது, உடனே மற்ற மூன்றும் நாலு திசைக்கு இழுத்தன. ஒன்று மிரண்டால் நாலும் மிரளும், அதுதான் விஷயம். கயிறு என் உள்ளங்கையில் ஓடிய தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டைப் பிடித்து நிறுத்தினேன், மற்ற இரண்டும் பந்தலைக் கிழித்துக்கொண்டு போய்விட்டன.

அது வெறும் வேட்டு. அங்கே பக்கத்தில் நிற்கிற குதிரைக்குக் குண்டு பட்டு அது விழுந்து உதைத்துக்கொண்டிருக்கும். ரத்த வாடை வேறு. போதாததற்கு எதிராளி போர்வையை உதறிக் கத்துவான் என்று படித்திருக்கிறேன். மேலே உட்கார்ந்திருப்பவன் ஒரு கையில் தன் கடிவாளம், மறு கையில் மூன்று. துப்பாக்கியை எப்போது எடுப்பான்?

#5 பரண்மேல் பெட்டி

லாடம் அண்ணே, இதைத்தான் படிக்கும்போது என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. நன்றி. நீங்கள் சொன்ன போர்வை சரிதான். கஸ்டர் பக்கத்துச் சண்டையைப் பற்றிய லகோட்டா, ஷயான் நினைவுகளில் குதிரை பிடிப்பவர்களைக் குறிவைத்ததும் குதிரைகளை வெருட்டியதும் வருகிறது. ஒரு பிடிப்பவனை வீழ்த்தினால் நாலு குதிரையும் நாலு சேணப்பைத் தோட்டாவும் ஒரே அடியில் போகும்.

மூன்று குதிரையை எப்படி ஒரு கையில் பிடிப்பான் என்பதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கடிவாளத்தில் ஒரு சிறு தோல்வார் தொங்கும். அதை அடுத்த குதிரையின் கடிவாள வளையத்தில் மாட்டினால் நாலும் கோர்த்ததுபோல் ஆகிவிடும்.

#6 லாடம்

கோர்த்தால் ஓடாது, சரி. ஆனால் ஒன்று விழுந்தால் மற்றதின் வாயைக் கிழிக்கும். எங்கள் அப்பா ஒருபோதும் வாயோடு வாய் கட்டவிடமாட்டார்.

#7 தென்னந்தோப்பு

குதிரை சமாசாரம் புரிகிறது. ஆனாலும் ரெனோ பயந்துபோய் ஓடினார் என்பதை மறைக்க முடியாது. மரக்கூட்டத்தில் அவர் பக்கத்தில் பிளடி நைஃப் என்ற அரிக்கரா வழிகாட்டி, கஸ்டருக்கு மிகப் பிடித்தவர், தலையில் குண்டு பட்டு விழுகிறார். ரத்தமும் மூளையும் ரெனோவின் முகத்தில். உடனே ஏறு என்கிறார், இறங்கு என்கிறார், மறுபடி ஏறு என்கிறார். பிறகு தானே முன்னால் ஓட்டம். தளபதி முன்னால் ஓடினால் பின்னால் யார் நின்று சுடுவது? ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாதிப் பேரை நிறுத்தி மீதிப் பேரைக் கடக்கவைத்திருந்தால் இத்தனை பேர் செத்திருக்கமாட்டார்கள்.

#8 ஹவில்தார் ஓய்வு

இதில் உங்களோடு உடன்படுகிறேன். மரக்கூட்டத்தை விட்டது தப்பா என்பதைப் பற்றி விடிய விடியப் பேசலாம். விட்ட விதம் தப்பு, அதில் பேச்சே இல்லை.

பின்வாங்குவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. எங்களுக்குப் பயிற்சியில் மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது: ஒருவன் நகர்ந்தால் ஒருவன் சுடணும். முதுகைக் காட்டுகிறவன் தனியாகக் காட்டக் கூடாது. குதிரைமேல் பாய்ச்சலில் போகிறவனால் திரும்பிக் குறிபார்த்துச் சுட முடியாது, ரிவால்வரைப் பக்கவாட்டில் நீட்டி நாலு தோட்டா விடலாம். அதற்குள் பக்கத்தில் இணையாக ஓடி வருகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பான். துரத்திய வீரர்கள் பின்னாளில் அதை எருமை வேட்டையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். நிஜத்தில் அதேதான். எருமையை அவர்கள் அப்படித்தான் வேட்டையாடுவார்கள், பக்கத்தில் ஓடி. பழகிய வேலையை எதிராளிக்குக் கொடுத்துவிட்டார் ரெனோ.

ஆற்றுக் கடவை வேறு. வந்த வழியாகப் போகவிடாமல் பக்கவாட்டில் நெருக்கித் தள்ளிவிட்டார்கள். கரை செங்குத்து, குதிரை தண்ணீருக்குள் குதிக்க வேண்டும். எதிர்க்கரையில் ஏறக் குறுகலான ஒரே வழி. ஒருவன் ஏறும்வரை பத்துப் பேர் தண்ணீரில் நிற்கிறார்கள். லெப்டினென்ட் ஹாட்ஜ்சனுக்கு அங்கேதான் காலில் அடி. ஒரு சிப்பாயின் சேணவளையத்தைப் பிடித்துக்கொண்டு இழுபட்டே ஆற்றைக் கடந்தார், கரை ஏறியதும் மறு குண்டு.

#9 நூலக மூலை

இந்த இழைக்கு நான் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் எல்லோரும் ரெனோவையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஹவில்தார் ஐயா சொன்ன பாடத்தை அதே படை, அதே நாள் சாயங்காலம், சரியாகச் செய்து காட்டியிருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

ரெனோ மேட்டுக்கு வந்தபின் கேப்டன் பென்டீன் மூன்று கம்பெனிகளோடு வந்து சேர்கிறார். கொஞ்ச நேரத்தில் பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளும் வருகின்றன, தோட்டாப் பெட்டிகளோடு. கஸ்டர் பக்கம் சத்தம் கேட்கிறது என்று கேப்டன் வெய்ர் தன் கம்பெனியோடு வடக்கே ஒரு முகட்டுக்குப் போக, மற்றவர்களும் பின்னால் போகிறார்கள். அந்த இடத்துக்கு இன்று வெய்ர் முனை என்று பெயர். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் தூசி, குதிரைகள், பிறகு அந்தக் கூட்டம் முழுக்க இவர்கள் பக்கம் திரும்பி வருகிறது. எல்லோரும் பின்வாங்குகிறார்கள். ஒரு மைலுக்கு மேல் திறந்த வெளி. பள்ளத்தாக்கில் நடந்தது மறுபடி நடக்க எல்லா வாய்ப்பும் இருந்தது.

அங்கேதான் கே கம்பெனியின் லெப்டினென்ட் எட்வர்ட் காட்ஃப்ரி ஒரு வேலை செய்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார், மூடுவதற்கு யாரும் இல்லை. தன் ஆட்களை இறக்கினார். குதிரைகளைப் பிடிப்பவர்களோடு முன்னாலேயே மேட்டுக்கு அனுப்பிவிட்டார். இதைக் கவனியுங்கள், குதிரையே கையில் இல்லை, ஏறி ஓட வழியே கிடையாது. மீதிப் பேர் வரிசையாக நின்று சுட்டார்கள், சில கஜம் பின்னால் நடந்தார்கள், மறுபடி நின்று சுட்டார்கள். குண்டு நெருங்க நெருங்க ஆட்கள் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். அவர் அதட்டி நிறுத்தி, இடைவெளியைச் சரிசெய்து, மறுபடி திரும்பிச் சுடவைத்தார். மேடு வரைக்கும் அப்படியே.

அந்தப் பின்வாங்கலில் மொத்தப் படைக்கும் செத்தது ஒருவர், டி கம்பெனியில் லாடம் அடிக்கும் வின்சென்ட் சார்லி. மதியம் குதிரைமேல் 30க்கு மேல், சாயங்காலம் கால்நடையாக ஒன்று. ரெனோ நல்லவரா கெட்டவரா என்று 150 வருடமாக வாதாடுகிறார்கள். எனக்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

#10 ஹவில்தார் ஓய்வு

காட்ஃப்ரிக்கு ஒரு சல்யூட். குதிரையை முன்னால் அனுப்பியதுதான் அதில் மூளை. சிப்பாய்க்குப் பின்னால் குதிரை நிற்கிறது என்றால் அவன் மனசு பாதி அங்கேதான் இருக்கும்.

#11 கரிசல் செல்வி

நடுவில் ஒரு சின்ன ஆட்சேபம். எல்லோரும் தற்காப்பு தற்காப்பு என்கிறீர்கள். கிராமத்தைத் தாக்கப் போனவர்கள் இவர்கள். தற்காத்தவர்கள் உண்மையில் யார்? கால் என்ற ஹங்க்பாபா (லகோட்டாவில் ஒரு பிரிவு) தலைவர் (ஆமாம், பெயர் அப்படித்தான்), ரெனோ பக்கத்துத் தாக்குதலின் தொடக்கத்திலேயே தன் இரண்டு மனைவியரும் மூன்று பிள்ளைகளும் கொல்லப்பட்டதாகப் பின்னாளில் சொன்னார். அதன்பிறகு கோடரியை எடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு வரி எழுதலாமே.

அப்புறம், காமிக்ஸில் வந்ததற்காகச் செவ்விந்தியர் என்று யாராவது எழுதும் முன் முந்திக்கொள்கிறேன். லகோட்டா, ஷயான், அரப்பஹோ என்றே எழுதலாம். பெயர் இருக்கிறது.

#12 பரண்மேல் பெட்டி

அக்கா, நியாயம். தலைப்பே ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். நீங்கள் சொன்னது தந்திரத்தோடும் சம்பந்தப்பட்டதுதான். ரெனோ வரிசை போட்டதும் அவர்கள் உடனே மோதவில்லை. முதலில் சிலர் குதிரையில் குறுக்கே ஓடித் தூசி கிளப்பினார்கள். அந்த மறைப்பில் பெண்களும் பிள்ளைகளும் வடக்கே விலக நேரம் கிடைத்தது. எதிர்பாராமல் தாக்கப்பட்ட ஊர், சில நிமிடத்தில் அப்படி ஒழுங்கு பிடித்தது.

#13 தென்னந்தோப்பு

துப்பாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லையே. சிப்பாய்கள் கையில் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன், எதிராளிகளில் பலர் கையில் ஹென்றி, வின்செஸ்டர், குழாயில் தோட்டாவை நிரப்பிவிட்டுத் தொடர்ந்து சுடலாம். அதிலும் செப்பு உறை சூட்டில் ஒட்டிக்கொண்டு வெளியே வராதாம். கத்தியால் நெம்பி எடுத்தார்களாம். இதனால்தான் தோற்றார்கள் என்று பல இடங்களில் படித்தேன்.

#14 நூலக மூலை

பாதி சரி. 1983இல் அந்த மைதானத்தில் புல் தீப்பிடித்து நிலம் வெறுமையானது. 1984, 85இல் தொல்லியலாளர்கள் உலோகம் கண்டறியும் கருவியோடு அடி அடியாகத் தேடினார்கள். ஹென்றி, வின்செஸ்டர் உறைகள் நிறையக் கிடைத்தன, உங்கள் முதல் பாதி உறுதி. ஆனால் நெம்பி எடுத்த கீறல் உள்ள கார்பைன் உறைகள் மிகச் சொற்பம். ஒட்டிக்கொண்டது உண்மை, அதனால் தோற்றார்கள் என்பது மிகை. மேட்டில் கேப்டன் பிரெஞ்ச் தன் நீளத் துப்பாக்கியின் தண்டால் சிப்பாய்களுக்கு உறையைத் தள்ளி எடுத்துக்கொடுத்ததாகக் கூறுவார்கள். கார்பைனுக்கு அப்படித் தண்டு கிடையாது.

இன்னொன்று, ஒற்றைத் தோட்டா ஸ்பிரிங்ஃபீல்ட் வகையைத் தேர்ந்தெடுத்த ராணுவக் குழுவின் தலைவர் ஆல்ஃபிரட் டெர்ரி. ஜூன் 27 காலையில் ரெனோவை மீட்க வந்து சேர்ந்த அதே ஜெனரல்.

மேட்டில் பார்த்தால் கார்பைன் உதவியது. ஹென்றி, வின்செஸ்டர் கிட்டத்தில் பேய், தூரத்தில் சுமார். திறந்த மேட்டில் எதிராளியை தூரத்திலேயே நிறுத்த ஸ்பிரிங்ஃபீல்டால் முடிந்தது.

#15 பரண்மேல் பெட்டி

சரி, மேட்டுக்கு வருவோம். எனக்கு இந்தச் சண்டையில் ரொம்பப் பிடித்த பகுதி அது, ஏனென்றால் வீரமெல்லாம் கழன்று வெறும் மண்வெட்டி வேலையாகிவிடுகிறது. மண்வெட்டியும் இல்லை என்பதுதான் கொடுமை. 350க்கு மேற்பட்ட ஆட்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மண்வெட்டிகள். ஜூன் 25 இரவு முழுக்கக் கத்தி, தகரக் குவளை, சாப்பாட்டுத் தட்டு, முள்கரண்டி எது கிடைத்ததோ அதால் காய்ந்த மண்ணைச் சுரண்டினார்கள். ஒரு முழ ஆழம் கிடைத்தால் பெரிய விஷயம். அதற்கு முன்னால் பொதிச் சேணங்கள், கெட்டி பிஸ்கட் பெட்டிகள், பன்றிக்கறி மூட்டை, செத்த குதிரை, செத்த கோவேறு கழுதை. சும்மா இல்லை, பிஸ்கட் பெட்டியைத் துளைத்துக்கொண்டு வந்த குண்டில் ஆள் செத்திருக்கிறார்.

மேட்டின் நடுவில் தட்டு மாதிரி ஒரு பள்ளம். காயம்பட்டவர்களையும் குதிரைகளையும் அதில் வைத்தார்கள். மருத்துவர் ஒரே ஒருவர், ஹென்றி போர்ட்டர். மற்ற இருவரும் செத்துவிட்டார்கள். பள்ளத்தைச் சுற்றிக் குதிரை லாட வடிவத்தில் கம்பெனிகள் படுத்தன.

தெற்கு மேட்டில் பென்டீனின் ஹெச் கம்பெனி மட்டும் அன்றிரவு ஒழுங்காகத் தோண்டவில்லை. களைப்பாக இருந்தார்கள், தூங்கட்டும் என்று விட்டுவிட்டார். விடிந்ததும் அதன் பலன் தெரிந்தது, அதிகம் அடிபட்டது அந்தக் கம்பெனிதான். பிறகு பென்டீனே போய்ப் பெட்டிகளையும் பதுங்கியிருந்த ஆட்களையும் இழுத்துக்கொண்டு வந்து தடுப்புப் போட்டார். அதே மனிதர் குண்டு மழையில் நிமிர்ந்து நடந்து எல்லோருக்கும் தைரியம் கொடுத்ததாகப் புகழ்கிறார்கள். தைரியம் இருக்கட்டும், முதல் நாள் இரவு ஒரு குழி தோண்டச் சொல்லியிருக்கலாம்.

#16 ஹவில்தார் ஓய்வு

பென்டீனை முழுக்கக் குறைசொல்ல வேண்டாம். 26 காலை எதிராளிகள் அவர் பக்கம் கல்லெறி தூரத்துக்கு ஊர்ந்து வந்துவிட்டார்கள். காத்திருந்தால் அடுத்த நிமிடம் உள்ளே வருவார்கள். ஆட்களை எழுப்பிக் கத்திக்கொண்டே இறங்கி அடித்து விரட்டிவிட்டு உடனே திரும்பினார். கவனியுங்கள், துரத்திக்கொண்டு போகவில்லை. ஆள் குறைவாக இருப்பவன் செய்யும் எதிர்த்தாக்குதல் அப்படித்தான் இருக்கணும். ஐம்பது அடி போய்த் திரும்பி வா. ஐந்நூறு அடி போனால் திரும்ப வரமாட்டாய்.

1866 டிசம்பரில் கேப்டன் ஃபெட்டர்மன் என்ற இன்னொரு அமெரிக்க அதிகாரி செய்தது இதற்கு நேர்மாறு. கோட்டைக்கு வெளியே, ஆசைகாட்டி இழுக்க வந்த சிலரைத் துரத்திக்கொண்டு முகட்டைத் தாண்டிப் போனார். குதிரைக்காரர்கள் முன்னால், காலாட்கள் பின்னால், நடுவில் இடைவெளி. 81 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

#17 கரிசல் செல்வி

தண்ணீர்? ஜூன் மாதம், திறந்த மேடு, காயம்பட்டவர்கள். ஆறு கீழே தெரிந்துகொண்டே இருந்திருக்கும்.

#18 பரண்மேல் பெட்டி

அதுதான் கொடுமை, அக்கா. வாயில் எச்சில் ஊற கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டார்கள், பச்சை உருளைக்கிழங்கைச் சப்பினார்கள். 26 காலையில் காயம்பட்டவர்களின் கதறல் தாங்காமல் சிலர் முன்வந்தார்கள். மேட்டிலிருந்து ஆற்றுக்கு ஒரு ஓடைப்பள்ளம் இறங்குகிறது. பெரும்பகுதி அதன் உள்ளே மறைந்து போகலாம். கடைசிச் சில கஜம் திறந்த வெளி, எதிர்க்கரைப் புதரில் துப்பாக்கிகள். பள்ளத்தின் வாயில் நின்று மூச்சுப் பிடித்து, ஓடி, சமையல் கெட்டிலைத் தண்ணீரில் முக்கி, பாதி சிந்த ஓடி வருவது. பிறகு பள்ளத்துக்குள் உட்கார்ந்து நிதானமாகக் குடுவைகளில் ஊற்றிக்கொள்வது. மைக்கேல் மேடன் என்பவருக்குக் காலில் குண்டு, மேட்டிலேயே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் ஓடும்போது கவனத்தைத் திருப்ப ஹெச் கம்பெனியில் குறிதவறாத நாலு பேர் விளிம்பில் எழுந்து நின்று சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த நால்வரில் ஒருவரான சார்ல்ஸ் விண்டால்ஃப் 1950 வரை உயிரோடு இருந்தார். இந்தச் சண்டைக்குக் கொடுத்த 24 மெடல் ஆஃப் ஹானர்களில் (அமெரிக்க ராணுவத்தின் மிக உயர்ந்த வீரப் பதக்கம்) பெரும்பாலானவை தண்ணீருக்குப் போனவர்களுக்கும் இவர்களுக்கும்தான்.

#19 நூலக மூலை

தண்ணீர் என்றதும், இதேபோல் சூழப்பட்ட மேஜர் ஃபோர்சைத் ஞாபகம் வருகிறார். 1868 செப்டம்பர் 17, கொலராடோ, அரிக்கரீ ஆறு. ஐம்பது பேர் கொண்ட எல்லை வழிகாட்டிப் படை. விடியலில் சூழ்ந்துகொண்டார்கள். ஒரே ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது, வந்த வழி. ஃபோர்சைத் அதைப் பார்த்து, இது நமக்காகவே திறந்துவைத்த பொறி என்று முடிவெடுத்தார். ஓடாமல், பாதி வறண்ட ஆற்றின் நடுவில் இருந்த மணல் திட்டுக்குள் போனார். குதிரைகளை வட்டமாகப் புதரில் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாக் குதிரைகளும் சுடப்பட்டன, விழுந்த இடத்திலேயே சுவர் ஆயின. மணல் என்பதால் கையாலேயே தோண்ட முடிந்தது. இன்னும் தோண்டினால் தண்ணீர்! ரெனோவின் மேட்டுக்குக் கிடைக்காத இரண்டும் அந்த மணல் திட்டில் இருந்தன.

ஃபோர்சைத்தின் ஆட்கள் கையில் ஸ்பென்சர், ஏழு தோட்டா நிரப்பித் தொடர்ந்து சுடும் துப்பாக்கி. பாய்ந்து வருபவர்கள் ஒரு சரமாரிக்குப் பின் இடைவெளி விழும் என்று நம்பி வந்தார்கள், இடைவெளி விழவில்லை. ஷயான்களின் பேர்பெற்ற வீரர் ரோமன் நோஸ் அன்று செத்தார். லெப்டினென்ட் பீச்சரும் செத்தார், திட்டுக்கு அவர் பெயரே நிலைத்தது. ஃபோர்சைத்துக்கு மூன்று இடத்தில் அடி, தொடையில் இருந்த குண்டைச் சவரக்கத்தியால் தானே எடுத்தார். மருந்துப் பொதி முதல் நிமிடக் குழப்பத்திலேயே போய்விட்டது. அழுகிய குதிரைக்கறியைத் தின்றுகொண்டு, இரவில் இரண்டிரண்டு பேராக நழுவவிட்டு உதவி கேட்டு அனுப்பி, 25ஆம் தேதி வரை கிடந்தார்கள். முதலில் வந்து சேர்ந்தது பத்தாவது குதிரைப்படையின் கறுப்பினச் சிப்பாய்கள், கேப்டன் கார்ப்பென்டர் தலைமையில்.

#20 தென்னந்தோப்பு

அப்படியென்றால் என் வாதம்தானே ஜெயிக்கிறது? ஃபோர்சைத் தாழ்வான இடத்தில், தண்ணீருக்குப் பக்கத்தில், நின்ற இடத்திலேயே நின்றார். ரெனோவின் மரக்கூட்டமும் தண்ணீருக்குப் பக்கம்தான்.

#21 ஹவில்தார் ஓய்வு

தம்பி விடமாட்டார். ஃபோர்சைத்தின் திட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெறும் மணல், நெருங்குகிறவன் தெரிவான். மரக்கூட்டத்தில் நெருங்குகிறவன் தெரியமாட்டான், புல்லுக்கும் புதருக்கும் தீ வேறு வைத்தார்கள். அப்புறம் ஃபோர்சைத்திடம் ஆளுக்கு 140 தோட்டா. ரெனோ உள்ளேயே இருந்திருந்தால் பென்டீனும் தோட்டாக் கழுதைகளும் அவரைக் கண்டுபிடித்திருப்பார்களா? மேட்டில் இருந்ததால்தான் சேர்ந்தார்கள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அவர் இன்னும் ஒரு மணி நேரம் மரக்கூட்டத்தில் இருந்திருந்தால் அத்தனை வீரர்களும் வடக்கே திரும்பியிருக்கமாட்டார்கள். கஸ்டருக்கு அது என்ன செய்திருக்கும் என்பது வேறு கேள்வி. 1879இல் சிகாகோவில் விசாரணை நடத்தியும் தீராத கேள்வி. ரெனோ மேல் நடவடிக்கை தேவையில்லை என்றார்கள், கூடவே அவருக்குக் கீழே இருந்தவர்கள் சில சமயம் அவரைவிடப் படையின் பாதுகாப்புக்கு அதிகம் செய்தார்கள் என்று ஒரு குத்தும் வைத்தார்கள்.

#22 தென்னந்தோப்பு

அந்தக் குத்து காட்ஃப்ரிக்கும் பென்டீனுக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். மரக்கூட்டத்தில் ஒரு மணி நேரம், பிறகு காட்ஃப்ரி மாதிரி நடந்து வெளியே. இதுதான் என் இறுதித் தீர்ப்பு, யாரும் ஏற்க வேண்டாம்.

#23 லாடம்

எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தப் பள்ளத்தில் கட்டியிருந்த குதிரைகளுக்கு என்ன ஆயிற்று? இரண்டு நாள் தண்ணீர் இல்லாமலா?

#24 பரண்மேல் பெட்டி

ஏறக்குறைய அப்படித்தான், அண்ணே. நிறைய கட்டிய இடத்திலேயே குண்டு பட்டுச் செத்தன. 26 சாயங்காலம் கிராமத்தார் புல்லுக்குத் தீ வைத்துவிட்டு, புகைக்குப் பின்னால் கூட்டம் கூட்டமாகத் தெற்கே மலைப் பக்கம் போனார்கள். டெர்ரியின் படை வருவது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இருட்டுகிற நேரம் மேட்டில் இருந்தவர்கள் செத்த மிருகங்களின் நாற்றம் தாங்காமல் ஆற்றுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து புதுக் குழி தோண்டினார்கள். அப்போதுதான் மிச்சக் குதிரைகளைத் தண்ணீருக்கு இறக்கினார்கள்.

#25 லாடம்

இறக்கும்போது பிடித்திருப்பவனுக்கு மறுபடி அதே பாடுதான். அவ்வளவு தாகத்தில் இருக்கிற குதிரை தண்ணீர் வாடை வந்ததும் சரிவில் ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். பத்து மடக்குக் குடித்ததும் தலையைத் தூக்கிப் பிடித்து நிறுத்தணும், கொஞ்சம் நடத்தணும், மறுபடி விடணும். ஒரே மூச்சில் குடித்தால் வயிற்றுவலியில் படுத்துவிடும். நாலு குதிரைக்கு ஒரு ஆள் என்றால் ராத்திரி முழுக்க வேலை.